கடைசி ரெண்டு நம்பர் நாப்பத்தேழு

ஒக்காருங்க தம்பி, நிக்காதீக. மருந்துக் கம்பெனி ரெப்பையெல்லாம் டாக்டர் ஒரு மணிக்கு மேலதான் கூப்பிடுவாரு. அந்தப் பெஞ்சுல பேன் காத்து வராது, இப்படி என் மேசைப் பக்கம் வந்துருங்க. புதுசா வந்திருக்கீகளோ? இதுக்கு முன்ன வந்த ரெப்பு உள்ள நொழஞ்சதுமே, "அக்கா, எத்தன பேரு இருக்காக?"ன்னு என்னயத்தான் கேப்பாரு. நீங்க என்னயப் பாக்கவேயில்ல. நேரா அந்த டிவியத்தான் பாத்தீக.

பரவாயில்ல, பாருங்க. இப்ப எல்லாரும் அதத்தான் பாக்காக. அந்தா சொல்லுது கேளுங்க, "டோக்கன் எண் பதினேழு, அறை எண் ஒன்று." இந்த ஆசுபத்திரியில இருக்குறதே ஒரு அறைதான். அதுக்கு ஒரு நம்பரு. அறைய எழுதாம விட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்கிடாதாம். சரி, சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

எம் பேரு உலகம்மா. இந்தப் புளியங்குடியில கோமதிநாயகம் டாக்டரத் தெரியாதவுக இருக்கலாம், என்னயத் தெரியாதவுக கெடையாது. இருவத்திரெண்டு வருசம் தம்பி, இதே மேசை, இதே நாற்காலி. ஒயர் மட்டும் மூணு தடவ மாத்திப் பின்னியிருக்கு. சுகரு, பிரஷரு, கால் புண்ணு, எதுன்னாலும் என்னயத் தாண்டித்தான் உள்ள போகணும்.

நான் ஒண்ணும் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். சில பேரு, "உலகம்மாவுக்கு அதக் கண்டா ஆகாது"ன்னு பேசுதாக. ஆகாதவளா இருந்தா ஆயிரத்து எரநூறு பேரு வெவரத்த ஒத்த வெரலால அடிச்சு ஏத்தியிருப்பேனா? எனக்கு ஒரே ஒரு வெசயத்துலதான் அதோட மனத்தாங்கல். அது எங்க குடும்ப வெசயம். வெளிய சொல்லப்படாது.

சரி, இம்புட்டுக் கேக்கீக, சொல்லுதேன்.

முன்னால இங்க டோக்கனும் கெடையாது, டிவியும் கெடையாது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாப்பது பக்க நோட்டு. அட்டையில நான் மார்க்கரால நம்பர் எழுதியிருப்பேன். காலையில ஆறு மணிக்குக் கேட்டத் தொறந்ததும், அவுகவுக நோட்டக் கொண்டாந்து இந்த மேசை மேல வச்சிட்டுப் போயிருவாக. மொத வந்தவுக நோட்டு அடியில, பொறவு வந்தது அதுக்கு மேல. ஒம்பதரைக்கு டாக்டர் வந்து ஒக்காந்ததும், அந்த அடுக்க அப்படியே கவுத்துப் போட்டேன்னா வரிசை சரியா வந்துரும். ஒண்ணொண்ணா எடுத்துப் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். ஒரு சண்ட கெடையாது, ஒரு சச்சரவு கெடையாது.

நோட்ட மேல கீழ மாத்துவேனான்னுதான கேக்கீக? நீங்களும் ஊர்க்காரவுக மாதிரியே கேக்கீகளே. மூச்சு வாங்குதவுக, பச்சப் பிள்ளக்காரி, இவுகள நான் முன்ன தள்ளுவேன். அது தருமம். பின்ன தள்ளுறது ஒரே ஒரு நோட்டத்தான். முந்நூத்திப் பதினெட்டு. அதுவும் சும்மா ரெண்டு நோட்டு, மூணு நோட்டு கீழ போகும். பத்துக்கு மேல போனதில்ல.

முந்நூத்திப் பதினெட்டு எங்க நாத்தனாரு, எனக்கு மதினி மொறை. எங்க வீட்டுக்காரரோட அக்கா, பேரு சண்முகவடிவு. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவுக. அந்த நோட்டுக்குக் கூடக் காக்கி அட்டை போட்டு லேபிள் ஒட்டித்தான் வச்சிருப்பாக. எங்க வீட்டுலருந்து மூணாவது தெருதான் அவுக வீடு. எங்களுக்குள்ள ஒம்பது வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல.

எதுக்குன்னா, எங்க மக இசக்கி கல்யாணப் பத்திரிகை. அதுல எல்லார் பேரும் வந்திருக்கு, அத்தைக்காரி சண்முகவடிவு பேரு மட்டும் விட்டுப் போச்சு. பிரஸ்காரன் விட்டதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அத ஒரு குத்தமா எடுத்துக்கிட்டு, மண்டப வாசல் வரைக்கும் வந்து, அங்க வச்சிருந்த பத்திரிகைய ஒரு தடவ வாசிச்சிட்டு, சந்தனங் கூடத் தொடாமத் திரும்பிப் போயிட்டாக. ஊரே பாத்துச்சு. அன்னைக்கு நின்ன பேச்சு.

அதுக்காக அவுக டாக்டர மாத்தல, நானும் வேலைய மாத்தல. சுகரு ரெண்டு பேரையும் கேட்டா வருது? திங்கக்கெழம காலையில வருவாக. நோட்ட வைப்பாக, என் மூஞ்சியப் பாக்காமப் போவாக. அவுக முறை வந்ததும், மத்தவுகளப் பேரு சொல்லிக் கூப்பிடுற நான், அவுகளுக்கு மட்டும் "அடுத்த ஆளு"ம்பேன். எந்திரிச்சு உள்ள போவாக. ஒம்பது வருசம் ஒரு வார்த்தை பேசாம ரெண்டு பேரும் இப்படியே ஓட்டியிருக்கோம்னா பாத்துக்கோங்க. அந்த நோட்டு அடுக்கு அப்படி ஒரு நல்ல ஏற்பாடு.

ஒரு நிமிசம். பெரியவரே, ஒங்களுக்கு இருவத்தொண்ணு. இப்பப் பதினெட்டுதான் ஓடுது, ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க. சீனி போடாம.

எங்க விட்டேன்? ஆங். டாக்டரோட மக அபிநயா மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கு. போன ஆனி மாசம் பத்து நாள் லீவுல வந்துச்சு. வந்த பிள்ள சாரல் விழுகுதே, குத்தாலத்துக்குப் போயிக் குளிச்சிட்டு வருவோம்னு கெளம்புனதா? அப்பா ஆசுபத்திரியச் சீர்திருத்துதேன்னு இந்தப் பெட்டியக் கொண்டாந்து மேசையில வச்சிட்டு. "உலகம்மாக்கா, இனிமே ஒங்களுக்கு வேலையே இருக்காது"ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லிச்சு. என் வேலைக்கே ஒல வைக்குதோன்னு நெனச்சேன். பொறவுதான் அது நல்ல விதமாச் சொல்லுதுன்னு வெளங்கிச்சு.

ஏற்பாடு என்னன்னா, காலையில ஆறு மணிக்கு டோக்கன் தொறக்கும். அவுகவுக செல்லுல நோட்டு நம்பரப் போடணும். அந்த நம்பருக்கு நேரா எந்தச் செல் எழுதியிருக்கோ, அதுக்கு ஓடிபி வரும். அந்த ஆறு நம்பரப் போட்டா டோக்கன் கெடைக்கும். செல்லு இல்லாதவுக, இருந்தும் தெரியாதவுக, எங்கிட்ட வந்து பேரச் சொன்னா நானே போட்டுக் குடுத்துருவேன். அம்புட்டுத்தான். நல்ல ஏற்பாடுதான், நான் கொற சொல்ல மாட்டேன்.

பழைய நோட்டுல உள்ளதையெல்லாம் இதுல ஏத்தணும்ல? "நோட்டுல என்ன இருக்கோ அத அப்படியே அடிங்கக்கா, நீங்களா எதுவும் மாத்தாதீங்க"ன்னு அபிநயா சொல்லிட்டு மெட்ராசுக்குப் போயிட்டு. நான் ஒண்ணுலருந்து ஆரம்பிச்சு, ஒரு மாசத்துல முந்நூத்திப் பதினெட்டுக்கு வந்தேன். காக்கி அட்டை போட்ட நோட்டு. மொதப் பக்கத்துல அவுக குண்டு குண்டுக் கையெழுத்து. "அவசரத்துக்கு: உலகம்மாள், தம்பி மனைவி"ன்னு எழுதி, கீழ என் செல் நம்பரு. அந்தக் காலத்துல அவுககிட்டச் செல்லு கெடையாது. எங்க ரெண்டு வீட்டுக்கும் சேத்து என்னோடது ஒண்ணுதான்.

இப்ப அவுககிட்டப் பெரிய டச்சுப் போன் இருக்கு, தெனமும் ஊருக்கே பூப்படம் போட்டு காலை வணக்கம் அனுப்புதாகன்னு எனக்குத் தெரியும். ஆனா அபிநயா என்ன சொல்லிச்சு? நோட்டுல உள்ளபடியே அடிக்கணும்னு. அடிச்சேன். சொன்ன வேலைய நான் சொன்னபடி செய்யுதவ.

டோக்கன் ஆரம்பிச்ச மொதத் திங்கக்கெழம. வாசத் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு இருக்கேன். ஆறு மணி ஆயி ரெண்டு நிமிசம் இருக்கும், டிங்குன்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா, நோயாளி எண் முந்நூத்திப் பதினெட்டு, ஓடிபி இன்னதுன்னு வந்திருக்கு. கொஞ்ச நேரத்துல இன்னொரு டிங்கு. பொறவு இன்னொண்ணு. மூணோட நின்னுட்டு, ஏன்னா மூணு தடவைக்கு மேல அது அனுப்பாது. எனக்குச் சிரிப்பு வந்திட்டு தம்பி. நெசமாத்தான் சொல்லுதேன், சிரிச்சேன். அங்கன மூணாவது தெருவுல, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, செல்லத் தூக்கித் தூக்கி டவர் தேடிக்கிட்டு நிப்பாகன்னு நெனச்சேன்.

அன்னைக்கு அவுக வரல. வந்து எங்கிட்டப் பேரச் சொன்னா நான் போட்டுக் குடுக்கப் போறேன். கேக்கணும்ல? வாயத் தொறந்து கேக்கணும்ல?

ரெண்டாவது திங்கக்கெழமையும் அதே ஆறு மணி, அதே மூணு டிங்கு. எங்க வீட்டுக்காரரு எலுமிச்சம்பழ மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டு இருந்தவரு, எட்டிப் பாத்துட்டாரு.

"ஏளா, இது அக்காளோட நம்பர்லா?"

"ஆமா."

"சொல்லி விட்டுருளா. பாவம், கால் புண்ணோட இருக்கா."

"ஓடிபிய யார்ட்டயும் சொல்லக்கூடாது. போன எடுத்தாலே ஒரு பொம்பள அதத்தான சொல்லுதா? பொறவு போலீசு வந்தா நீங்களா பதில் சொல்லுவீக?"

அவரு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு. முப்பத்தஞ்சு வருசமா அவரு ஒண்ணும் சொன்னதில்ல. அவரு வாய்க்கும் சேத்துத்தான் நான் பேசுதேன்.

மூணாவது வாரமும் மூணு டிங்கு. அந்த மூணாவது வாரம் எனக்குச் சிரிப்பு வரல. என்னன்னு தெரியல, எரிச்சலா வந்துச்சு. பக்கத்துல நாலு டாக்டர் இருக்காக, சங்கரன்கோயில்ல இருக்காக, அங்க போக வேண்டியதுதான? எதுக்கு என் செல்லப் போட்டு இந்தப் பாடு படுத்தணும்? இப்படி எனக்குள்ளயே பேசிக்கிட்டுத் தோசையக் கருக விட்டேன்.

நாலாவது திங்கக்கெழம ஆறு மணிக்கு டிங்கு வரல.

அடுப்புத் திண்டுல செல்ல வச்சிட்டுப் பாலக் காய்ச்சுதேன். ஆறு அஞ்சு. ஆறு பத்து. சார்ஜ் இருக்கான்னு பாத்தேன், இருக்கு. சத்தம் கொறச்சு வச்சிருக்கான்னு பாத்தேன், இல்ல. சொல்ல மாட்டேன்னு இருக்குறவளுக்கு அது வந்தா என்ன, வராட்டி என்ன? ஆனா கையி ஓடல தம்பி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிட்டு.

எங்க வீட்டுக்காரரு பல்லு வெளக்கிட்டு உள்ள வந்தாரு. "அக்காளுக்கு என்னங்க?"ன்னு கேட்டேன். ஒம்பது வருசத்துல நான் கேட்ட மொதக் கேள்வி. அவரு தரையப் பாத்துக்கிட்டே, "பெருவெரலு கறுத்துட்டுளா. ரெண்டு நாளா எந்திரிக்கல"ன்னாரு. நான் பேசாட்டியும் இவரு தெனமும் மார்க்கெட்டுலருந்து வாரப்ப அங்க போயிட்டுத்தான் வாராருன்னு அப்பத்தான் எனக்குத் தெரியும். அந்தச் சண்டைய இன்னொரு நாளைக்குன்னு தள்ளி வச்சேன்.

கறுத்த வெரலு என்ன ஆகும்னு எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா? இருவத்திரெண்டு வருசம் இந்த வாசல்ல ஒக்காந்திருக்கேன். நடந்து வந்தவுக கம்பு ஊணி வருவாக. பொறவு வீல் சேர்ல வருவாக. நோட்டு மட்டும் அதே நோட்டுதான். எனக்குப் பயம் வந்துட்டு தம்பி.

செல்ல எடுத்தேன். முந்நூத்திப் பதினெட்டப் போட்டேன். அதுல ஒரு வரி வந்துச்சு. அதுவரைக்கும் நான் அந்தப் பக்கத்துலருந்து பாத்ததே இல்லியே, இங்க மேசையிலருந்துதான போட்டுப் பழக்கம். என்ன போட்டிருந்துச்சுன்னா, ஓடிபி அனுப்பப்பட்டதுன்னு போட்டு, எட்டுப் புள்ளி வச்சு, கடைசி ரெண்டு நம்பர மட்டும் காட்டுது. நாப்பத்தேழு.

என் நம்பருக்குக் கடைசி நாப்பத்தேழு.

அப்ப அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. மொத நாளே தெரிஞ்சிருக்கு. அவுக கையால எழுதுன நம்பரு, மறந்தா போகும்? டவர் தேடல, ஒண்ணும் தேடல. யாரு வீட்டுல மணி அடிக்குதுன்னு தெரிஞ்சேதான் மூணு வாரமா மூணு மூணு தடவ அமுக்கியிருக்காக. நான் கோலப்பொடிக் கையோட நின்னு சிரிச்சிருக்கேன்.

சரி, அத விடுங்க. என்ன சொன்னேன்? ஆங், ஓடிபியப் போட்டேன், டோக்கன் ஒம்பது கெடைச்சிட்டு. கெடைச்சு என்ன செய்ய? "உங்கள் டோக்கன் எண் ஒன்பது"ங்கற மெசேசும் எனக்குத்தான் வருது. அவுகளுக்கு யாரு சொல்ல? எங்க வீட்டுக்காரரப் பாத்தேன். அவரு அதுக்குள்ள சைக்கிள எடுத்துட்டாரு. அன்னைக்கு மட்டும் அம்புட்டு வேகம்.

நானே போனேன். முடிஞ்ச கொண்டைய அவுத்து முடிஞ்சிக்கிட்டே மூணாவது தெருவுக்குப் போனேன். அவுக வாசல்ல நாற்காலியப் போட்டுக் கால முக்காலியில தூக்கி வச்சிருக்காக. உள்ள அவுக வீட்டுக்காரரு, எங்க அண்ணாச்சி, டிவியத் தெருமுனை வரைக்கும் கேக்குத மாதிரி வச்சிட்டு ஒக்காந்திருக்காரு. அவருக்கு ரெண்டு காதும் மந்தம். அந்த வீட்டுல பேச்சுத் தொணைக்குன்னு இருக்குறது ஒரு கோழிதான்.

அந்தக் கோழி வாசல்ல மேயுது. பேச்சு இல்லாத வீட்டுல எப்படிப் பேசணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நான் கோழியப் பாத்து, "ஏ கோழி, ஒனக்கு டோக்கன் ஒம்பது போட்டிருக்கு. ஒம்பதரைக்கு டாக்டர் வாராரு. ஆட்டோவப் புடிச்சு வந்து சேரு"ன்னேன்.

அவுக கோழிய ஒரு பார்வ பாத்தாக. "ஏ கோழி, பேரு சொல்லிக் கூப்பிடாத எடத்துக்கு நான் போறதில்லன்னு சொல்லு."

"ஏ கோழி, வெரலு போனா பொறவு பேரு இருந்து என்ன செய்ய?"

"ஏ கோழி, ஒம்பது வருசமா 'அடுத்த ஆளு'தான் நான். எனக்கென்ன பேரா இருக்கு?"

கோழி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டு. அதுக்கு மேல பேச ஆளில்லாம நானும் வந்துட்டேன்.

ஒம்பதே முக்காலுக்கு இந்த வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நிக்குது. உள்ள மதினியும் அண்ணாச்சியும். எறங்கல. அந்த டிவி சொல்லுது, "டோக்கன் எண் ஒன்பது, அறை எண் ஒன்று." எறங்கல. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காக. ரெண்டாவது தடவையும் சொல்லுது. எறங்கல. மூணு தடவ கூப்பிட்டும் வரலன்னா அது அந்த நம்பரத் தூக்கிக் கடைசிக்குத் தள்ளிரும். அன்னைக்குக் கடைசி நம்பரு அறுவத்திமூணு. அறுவத்திமூணு வரைக்கும் அந்தக் காலத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆட்டோவுல ஒக்காந்திருக்க முடியுமா? வீம்புல வீட்டுக்குத் திரும்பிருவாக. மண்டபத்துலருந்து திரும்புனவுகதான.

நான் எந்திரிச்சு வாசப்படிக்கு வந்தேன். தெனமும் அறுவது பேரக் கூவுன தொண்டை தம்பி இது. அன்னைக்குப் பாதிச் சத்தத்துலதான், "சண்முகவடிவு மதினி, உள்ள வாங்க"ன்னேன்.

அவுக ஆட்டோக்காரரப் பாத்து, "யாரோ யாரையோ கூப்பிடுதாகளேப்பா?"ங்காக. காது மந்தம் அண்ணாச்சிக்கா இவுகளுக்கா? நான் படியெறங்கிப் போயி, ஆட்டோக் கம்பியப் புடிச்சிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குத மாதிரி இன்னொரு தடவ கூப்பிட்டேன். "சண்முகவடிவு மதினி." அப்பத்தான் கையி நீண்டுச்சு. என் தோளப் புடிச்சிக்கிட்டு எறங்குனாக. நல்ல கனம். சத்துணவு ஒடம்பு. நான் அழுகல, அவுகதான் அழுதாக. எனக்குக் கண்ணு வேர்த்துச்சு, அவ்வளவுதான்.

டாக்டர் கட்டப் பிரிச்சுப் பாத்துட்டு வஞ்சு தீத்துட்டாரு. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா வெரல எடுத்திருக்கணும். மூணு வாரமா எங்கம்மா போனீங்க?"

நான் கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கேன். இப்பச் சொல்லுவாக, இந்தா சொல்லப் போறாகன்னு நிக்கேன். சொன்னா என் வேலை அன்னையோட போச்சு, போகவேண்டியதுதான்.

"டவர் கெடைக்கல சார்"ன்னாக மதினி.

டாக்டர் என்னயப் பாத்தாரு. "மெசினும் அப்பப்பக் கோளாறு பண்ணுது சார்"ன்னேன் நான். பாவம் அந்தக் கம்ப்யூட்டரு. அதுக்கு வாயிருந்தா ரெண்டு பேரையும் காறித் துப்பியிருக்கும்.

அதுக்காக நாங்க ராசியாயிட்டோம்னு நெனச்சிராதீக. பேச்சு வார்த்தை இன்னும் இல்ல. திங்கக்கெழம ஓடிபி வரும், போன் போட்டு நம்பரச் சொல்லுவேன். அது ஆசுபத்திரி வேலை. நம்பரச் சொன்ன கையோட வச்சிர முடியுமா, காலு எப்படி இருக்குன்னு கேக்கணும்ல. அதுக்கு அவுக பதில் சொல்லணும்ல. பொறவு அன்னைக்கு என்ன கொழம்பு, பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னா, இப்படி ஒரு முக்கா மணி நேரம் ஆயிரும். அதையெல்லாம் பேச்சுன்னு சொல்ல முடியாது. ஓடிபியத் தெருவுக்கே கேக்கச் சொல்லுதியேன்னு எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுதாரு. போலீசு வந்தா வரட்டும்.

டோக்கன் இருவத்தொண்ணு ஒங்களுக்குத்தான் பெரியவரே, போங்க. காப்பியில சீனி போட்டுட்டுத்தான வாரீக? மீசையில தெரியுது.

அந்தா, பையில இருக்குறது என்னன்னு பாக்கீகளோ? பத்திரிகை. எங்க வீட்டுக்காரருக்கு வார மாசம் அறுவது. மணிவிழா வைக்கணும்னு இசக்கியும் மாப்பிள்ளையும் ஒத்தக் கால்ல நிக்காக. திரும்பத் தாலி கட்டணும்லா. நாத்தனாரு முடிச்சுப் போட நாத்தனாரு வேணும்லா. அதுக்குன்னு ஒரு மரியாதைக்கு நடு மேல பெரிய எழுத்துல அவுக பேரப் போட்டிருக்கு.

புரூஃப் செல்லுலயே வந்துச்சு. இப்ப எல்லாம் அப்படித்தான. எனக்குப் பொடி எழுத்து தெரியல. அவுகளுக்கு அனுப்பி விட்டேன், பேரு சரியா இருக்கான்னு அவுகளே பாத்துக்கிடட்டும், பொறவு என்னயக் குத்தம் சொல்லப்படாதுன்னு. பத்து நிமிசத்துல போன் வருது. "ஏளா, எம் பேரு சரியா இருக்கு. ஒம் பேரக் காணுமே"ங்காக. பாத்தா, எங்க வீட்டுக்காரரு வேலுச்சாமிக்கு மணிவிழான்னு பிரஸ்காரன் போட்டிருக்கான், பொண்டாட்டி பேர விட்டுட்டான். எம் புருசன் அறுவது வயசுல யாருமில்லாத மணையில தனியா ஒக்காந்து தாலி கட்டியிருப்பாரு.

அவுக நெனச்சிருந்தா பாத்தும் பாக்காத மாதிரி விட்டிருக்கலாம்ல தம்பி? ஊரே சிரிச்சிருக்கும்ல? ஒம்பது வருசத்துக்கு முந்தி, எம் மாப்பிள்ளைக்கு ஒசரம் பத்தாதுன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாகன்னு, புரூஃப கையில வச்சிக்கிட்டு நான் விட்ட மாதிரி.

என்ன பாக்கீக? பிரஸ்காரன்னு சொன்னேன்லா. பிரஸ்காரன் மேலயும் தப்பு இருக்கு.

என்னது? நம்பர மாத்துறது ஒரு நிமிச வேலையா? எனக்குத் தெரியாதா தம்பி, தெனமும் நாலு பேருக்கு மாத்திக் குடுக்குதவளே நான்தான். அபிநயாவும் போன வாரம் மெட்ராஸ்லருந்து கூப்பிட்டுக் கேட்டுச்சு, "அக்கா, முந்நூத்திப் பதினெட்டுல ஒங்க நம்பரு இருக்கே, தப்பால்ல இருக்கு?"ன்னு. நோட்டுல உள்ளபடியேதான் இருக்கு, நீ ஒண்ணும் மாத்தாதன்னு சொல்லிட்டேன். அவசரத்துக்குன்னு எழுதியிருக்குறத நாமளா மாத்தப்படாது.

இந்தா, டிங்குங்குது. பாத்தீகளா, முந்நூத்திப் பதினெட்டு. இன்னைக்கு வெசாலக்கெழம. இன்னைக்குக் கால் புண்ணும் பாக்குறதில்ல, டோக்கனும் எப்பவோ முடிஞ்சி போச்சு. எதுக்கு அமுக்குதாக? இந்தா ரெண்டாவது. பொறுங்க மதினி, இங்கன ஒரு ஆளோட பேசிட்டு இருக்கேன்லா.

நீங்க உள்ள போங்க தம்பி, டாக்டர் ரெப்பக் கூப்பிடுதாரு. நான் இவுகளுக்கு நம்பரச் சொல்லிட்டு வந்துருதேன்.